ஞானப் பல் குற்றவாளியா?

மாணவ நண்பர்களே, படிப்பதை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, நாக்கின் நுனியால் தடவி உங்கள் பற்களை எண்ணிப் பாருங்கள். 32 என்று பாடப் புத்தகம் சொல்கிறதே என்று எண்ணாமலே விடை சொல்லிவிடக் கூடாது. உங்களில் பெரும்பாலோருக்கு 28-தான் வரும்.

எண்ணிப் பார்ப்பது ஒரு பெரிய காரியமா என்று நினைக்காதீர்கள். அரிஸ்டாட்டில் எவ்வளவு பெரிய மேதை! ஆண்களைவிடப் பெண்களுக்குப் பற்கள் குறைவு என்று அவர் எழுதி வைத்தார். மனைவியை வாயைத் திறக்கச் சொல்லி எண்ணியிருந்தால் இந்தப் பிழை நேர்ந்திராது என்று பெர்ட்ரண்டு ரஸ்ஸல் பிற்காலத்தில் கேலி செய்தார். ஆனால் கடைசிக் கடைவாய்ப் பற்களைப் பற்றி அதே அரிஸ்டாட்டில் எழுதியது பெரிதும் சரியே. அவை 20 வயதையொட்டி முளைக்கின்றன என்றும், 80 வயதைக் கடந்த மூதாட்டிகளுக்குக்கூட வலியோடு முளைத்தது உண்டு என்றும் அவர் குறித்திருக்கிறார். இது பார்த்துச் சொன்னது. அது பார்க்காமல் சொன்னது.

உங்கள் கணக்கில் குறையும் அந்த நான்கு பற்களைத்தான் ஞானப் பற்கள் என்கிறோம். முதல் கடைவாய்ப் பல் 6 வயதிலும், இரண்டாவது 12 வயதிலும் வருகின்றன. மூன்றாவது, 17 வயதிலிருந்து 25 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஞானம் வரும் வயதில் வருவதால் இந்தப் பெயர். ஜப்பானிய மொழியில் இதற்குப் பெற்றோர் அறியாத பல் என்று பெயர். கொரிய மொழியில் காதல் பல்! துருக்கியர் வெறுமனே இருபது வயதுப் பல் என்கின்றனர். இருக்கும் பெயர்களில் இதுதான் விஞ்ஞானத்துக்கு மிகவும் பொருத்தமானது என்பேன்.

இந்தப் பல்லைப் பற்றி நம்மிடையே இரண்டு தீர்ப்புகள் வழங்கிவருகின்றன. "அது தேவையில்லாத உறுப்பு, எடுத்துப் போட்டுவிடு" என்பது ஒன்று. "முளைக்கும்போது வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்" என்பது மற்றொன்று. இரண்டுமே வாயைத் திறந்து பார்க்காமல் சொல்லப்படும் தீர்ப்புகள். இரண்டுமே தவறு என்பது என் கட்சி.

இயற்பியல் நடத்துகிறவனுக்குப் பல்லில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நான் பாடம் சொல்லும் வகுப்பில் இருப்பவர்கள் எல்லாரும் 17-லிருந்து 21 வயதுக்காரர்கள். ஆண்டு தவறாமல், சரியாகத் தேர்வு நெருங்கும்போது, ஒரு பக்கக் கன்னம் வீங்கிய நிலையில் யாராவது வந்து நிற்பார்கள். கிராம்பு வாசனை ஆய்வகம் முழுவதும் வீசும். "முளைக்கிறது சார், தானாகச் சரியாகிவிடும் என்று பாட்டி சொன்னார்" என்பார்கள். இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் நீங்களும் அந்த வயதுக்கு வந்துவிடுவீர்கள். ஆகவே, வலி வருமுன்பே நிதானமாக யோசித்து வைப்பது நல்லது.

முதலில், ஏன் இந்தத் தொல்லை? அடிப்படையில் இது ஓர் இடப் பிரச்சினை. ஒரு கடைவாய்ப் பல்லின் அகலம் ஏறத்தாழ 1 செ.மீ. கீழ்த் தாடை எலும்பு காதை நோக்கி மேலே வளைந்து செல்கிறதல்லவா? நீங்கள் வளரும்போது, அந்த மேலேறும் பகுதியின் முன்விளிம்பு சிறிது சிறிதாகக் கரைந்து பின்வாங்குகிறது. அப்படிக் கிடைக்கும் இடத்தில்தான் பின்பற்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமர்கின்றன. கூட்டமான பேருந்தில் கடைசியாக ஏறுபவரின் நிலைதான் ஞானப் பல்லுக்கு. இடம் இருந்தால் நேராக உட்காரும். இல்லையென்றால் பக்கத்துப் பல்லின் மேல் சாய்ந்துகொள்ளும். சில வேளை எலும்புக்குள்ளேயே படுத்துவிடும். பலருக்கு முன்புறமாகச் சாய்ந்து, இரண்டாம் கடைவாய்ப் பல்லை முட்டிக்கொண்டு நிற்கும். உலகெங்குமுள்ள ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வெளியான ஒரு கணக்கின்படி, ஏறத்தாழ 24 சதவீதம் பேருக்கு ஒரு ஞானப் பல்லாவது இப்படிச் சிக்கிக்கொள்கிறது. ஏறத்தாழ 22 சதவீதம் பேருக்கு ஒரு ஞானப் பல்லாவது உருவாவதே இல்லை என்கிறது 2015-ல் வந்த இன்னொரு தொகுப்பு. ஆகவே உங்கள் வகுப்பில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் நால்வரின் கதையும் நான்கு விதமாக இருக்கலாம். எல்லாருக்கும் ஒரே தீர்ப்பு எப்படிப் பொருந்தும்?

தாடையில் இடம் ஏன் குறைந்தது? "மனிதன் சமைத்த உணவைத் தின்னத் தொடங்கினான், பல்லுக்கு வேலை குறைந்தது, ஆகவே பல் மறைந்துகொண்டே வருகிறது" என்று சிலர் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். ஞானப் பற்கள் மறைந்துவருவதாகத் தோன்றுகிறது என்று 1871-லேயே டார்வினும் எழுதினார். ஆனால் அந்த வாக்கியத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். உபயோகிக்காத உறுப்பு தானாகவே சந்ததியில் தேய்ந்துவிடும் என்பது லாமார்க்கின் கருத்து. அதை விஞ்ஞானம் கைவிட்டு வெகு காலம் ஆயிற்று. இங்கே இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. பல லட்சம் ஆண்டுகளில் மனித இனத்தின் முகமும் தாடையும் சிறுத்தது பரிணாமம். ஒரு குழந்தை தன் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எவ்வளவு மென்று தின்கிறதோ அதற்கேற்பத் தாடை எலும்பு வளர்வது வேறு. பின்னது பரம்பரையால் வருவதன்று. எலும்பின் மேல் விழும் விசைக்கு எலும்பு தரும் பதில்.

இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் ஹைராக்ஸ் என்று முயலளவு பிராணி ஒன்று உண்டு. அதன் முகம் மனித முகத்தைப் போலச் சிறிது உள்வாங்கியது. டேனியல் லிபர்மனும் அவர் குழுவினரும் சில குட்டிகளுக்குச் சமைத்த மெதுவான தீனியும், சிலவற்றுக்குப் பச்சையான, உலர்ந்த தீனியும் கொடுத்து வளர்த்தனர். மெதுவான தீனி தின்றவற்றின் முகம், மெல்லும் விசை அதிகம் விழும் பகுதிகளில், ஏறத்தாழ 10 சதவீதம் குறைவாக வளர்ந்திருந்தது. இது 2004-ல் வெளியாயிற்று. அதற்கு முன்பே, 1983-ல், ராபர்ட் கொருச்சினி என்ற அமெரிக்க மானிடவியலாரும் இந்திய ஆய்வாளர்களும் வட இந்திய இளைஞர்களின் பல்வரிசையைப் பார்த்து, கரடான உணவு உண்ணும் கிராமத்தாரைவிட நகரத்தாரிடமே கோணல் அதிகம் என்று எழுதினார்கள். அது ஞானப் பல்லைப் பற்றிய ஆய்வு அல்ல; ஆனாலும் தாடையைப் பற்றி நமக்கு ஒரு செய்தி சொல்கிறது. இதைக் கேட்டுவிட்டு நாளையிலிருந்து கரும்பும் முறுக்கும் கடித்தால் ஞானப் பல் நேராக முளைக்கும் என்று கிளம்பிவிடாதீர்கள். அப்படி எவரும் நிரூபிக்கவில்லை.

மெதுவான உணவு ஒன்றே காரணம் என்று முடிவு கட்டவும் முடியாது. பிரான்ஸ் நாட்டில் காப் பிளாங் என்னும் பாறைக் குகையில் 1911-ல் ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. 13,000-லிருந்து 15,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. ரொட்டியும் மாவும் அறியாத வேட்டைக்கார மக்களுடையது. சிகாகோ நகரின் பீல்டு அருங்காட்சியகம் 1926-ல் அதை வாங்கிக் காட்சிக்கு வைத்தது. ஞானப் பல் வெளியே முளைத்திருக்கவில்லை. ஆகவே இவள் வயது வராத சிறுமி என்று நெடுங்காலம் நம்பினார்கள். 'மக்தலேனியச் சிறுமி' என்றே பெயரும் வைத்தார்கள். பிறகு எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து மீண்டும் ஆராய்ந்தபோது கதை மாறிற்று. பல் முளைக்காததற்குக் காரணம் வயது அன்று. அது தாடைக்குள் சிக்கிக்கொண்டிருந்தது! சிறுமி என்று நினைத்தவர் 25-லிருந்து 35 வயதுக்குட்பட்ட பெண் என்று 2006-ல் அறிவித்தார்கள். சிக்கிய ஞானப் பல்லுக்கு நமக்குத் தெரிந்த மிகப் பழைய உதாரணம் என்று அன்று இது குறிப்பிடப்பட்டது. வெளியிலிருந்து பார்த்து வயதைச் சொன்னவர்களை உள்ளே எடுத்த ஒரு படம் திருத்தியது.

சரி, ஞானப் பல் உபயோகமற்றதா? பாக்குவெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டைப் பாக்கை நுனியில் வைத்தால் வெட்ட முடிவதில்லை. கீலுக்கு அருகில் தள்ளி வைத்தால் நறுக்கென்று உடைகிறது. தாடையும் ஒரு நெம்புகோல்தான். அதன் கீல் காதருகே இருக்கிறது. கீலுக்கு நெருங்க நெருங்க விசை கூடும். ஆரோக்கியமான ஆணிடம் பின்பற்களில் அளந்தால் கடிவிசை 500 நியூட்டனைத் தாண்டுவது உண்டு. ஏறத்தாழ 50 கிலோ மூட்டையின் எடை. நேராக முளைத்து, எதிர்ப் பல்லோடு பொருந்திய ஞானப் பல் மற்ற கடைவாய்ப் பற்களைப் போலவே அரைத்து உழைக்கும். முதல் கடைவாய்ப் பல் கெட்டுப்போன இளைஞர்களுக்கு, அந்தக் குழியில் அவர்களுடைய ஞானப் பல்லையே பெயர்த்து நடுகிற சிகிச்சையும் உண்டு. ஆகவே 'தேவையில்லாத உறுப்பு' என்ற முத்திரை வேண்டாம்.

ஆனால் உபயோகமா, உபயோகமில்லையா என்பதே சரியான கேள்வி அன்று என்று நினைக்கிறேன். அந்தப் பல்லைச் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியுமா என்பதுதான் கேள்வி. பாதி முளைத்த பல்லின் மேல் ஈறு ஒரு மடிப்பாக மூடிக்கொண்டிருக்கும். சோற்றுப் பருக்கை அதனடியில் போய் ஒளிந்துகொள்ளும். பல் துலக்கும் பிரஷ் அங்கே எட்டாது. காற்றுப் புகாத அந்த இடுக்கில் பாக்டீரியாக்கள் பெருகும், மடிப்பு வீங்கும். வீங்கிய மடிப்பை மேல் பல் கடிக்கும். கடிபட்டதால் இன்னும் வீங்கும். 'முளைக்கிற வலி' என்று பாட்டி சொல்வது பெரும்பாலும் இந்த அழற்சியைத்தான். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் இடுக்கு கழுவப்பட்டுச் சற்றுக் குறையும். கிராம்பு எண்ணெயிலுள்ள யூஜினால் அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் மரக்கச் செய்யும். ஆனால் நேராக ஊற்றினால் ஈறு வெந்துபோகும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்துப் பல்லில் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது ஓர் அமிலம். ஈற்றை வெள்ளையாகப் பொசுக்கிவிடும். பாதிக்குப் பாதி வலி அடங்கிவிட்டாலும் மடிப்பு அங்கேயேதான் இருக்கிறது; அடுத்த தேர்வுக்கு வலி திரும்பி வரும்.

இன்னொரு கேடு சத்தமில்லாமல் நடப்பது. சாய்ந்த ஞானப் பல்லுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் இடையிலுள்ள சந்தில் உணவு தங்கி, இரண்டாம் கடைவாய்ப் பல்லின் பின்பக்கம் சொத்தையாகும். கண்ணாடியில் தெரியாது, வலி வரும்போது சொத்தை ஆழத்துக்குப் போயிருக்கும். நியாயமாகப் பார்த்தால் இந்த வழக்கில் பாதிக்கப்பட்ட கட்சி அந்தப் பக்கத்துப் பல்தான். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அதற்காக எல்லா ஞானப் பற்களையும் முன்கூட்டியே பிடுங்கிவிடலாமா? அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 50 லட்சம் பேரிடமிருந்து ஒரு கோடி ஞானப் பற்கள் எடுக்கப்படுகின்றன என்றும், அவற்றில் மூன்றில் இரண்டு பங்காவது அவசியமற்றவை என்றும் ஜே ஃபிரைட்மன் என்ற பல் மருத்துவர் 2007-ல் கடுமையாக எழுதினார். முன்பற்கள் நெருக்கியடித்துக் கோணலாவது ஞானப் பல் பின்னாலிருந்து தள்ளுவதால்தான் என்பது பிடுங்குவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். பிரிட்டனில் சிலருக்கு ஞானப் பற்களை எடுத்தும் சிலருக்கு எடுக்காமல் விட்டும் சில ஆண்டுகள் கழித்து அளந்து பார்த்தார்கள். எடுத்ததால் முன்பற்களின் நெரிசல் சொல்லத்தக்க அளவு குறையவில்லை என்பது 1998-ல் வெளியான அதன் முடிவு. தோன்றுவது ஒன்று, அளந்தால் வருவது ஒன்று.

அந்நாட்டு நலவாழ்வுத் துறைக்கு ஆலோசனை கூறும் 'நைஸ்' என்ற நிறுவனம் 2000-ல், நோயற்ற ஞானப் பற்களை எடுக்க வேண்டாம் என்று நெறிமுறை வகுத்தது. எனக்கு இது உடன்பாடே. ஆயினும் பிறகு நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். அறுவைகள் முதலில் குறைந்தன. அடுத்த பத்தாண்டுகளில், சற்று வயது கூடியவர்கள், அதுவும் சொத்தையோடு, அறுவைக்கு வரத் தொடங்கினர் என்று அங்குள்ள மருத்துவர்களே எழுதினார்கள். எடுக்க வேண்டாம் என்பதைப் பார்க்கவும் வேண்டாம் என்று சிலர் புரிந்துகொண்டால் இப்படித்தான் ஆகும். விட்டுவைத்த பல்லை அவ்வப்போது ஒரு மருத்துவர் பார்த்துவரத்தான் வேண்டும்.

பார்ப்பதற்கு நமக்கு ஒரு நல்ல கருவி இருக்கிறது. ரான்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். இரண்டே மாதங்களில், 1896 ஜனவரியில், ஜெர்மானியரான ஆட்டோ வால்காஃப் தம் வாய்க்குள்ளேயே தகட்டை வைத்துப் பல்லைப் படமெடுத்தார். 25 நிமிடம் அசையாமல் இருந்தாராம். இன்று பல் மருத்துவமனைகளில் 'ஓ.பி.ஜி.' என்ற படத்துக்கு எழுதித் தருகிறார்களே, அதற்கு ஏறத்தாழ 15 விநாடி போதும். கதிர்க்குழாய் தலைக்கு ஒரு புறமும், படம் பதியும் தகடு மறுபுறமும் இருந்து, தலையைச் சுற்றி வருகின்றன. தாடையின் வளைவில் உள்ளவை மட்டும் தெளிவாகப் பதியும்படி அவற்றின் வேகம் அமைந்திருக்கும். கழுத்தெலும்பு போன்றவை கலங்கி மறைந்துவிடும். கதிர் என்றதும் அஞ்ச வேண்டாம். ஒரு படத்துக்கு ஏறத்தாழ 0.02 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஆண்டு முழுவதும் நமக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. நாளுக்கு எவ்வளவு என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

ஆனால் எக்ஸ் கதிர்ப் படம் ஒரு நிழல் என்பதை மறக்கலாகாது. கீழ்த் தாடைக்குள் ஒரு கால்வாயில் நரம்பு ஒன்று ஓடுகிறது. கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுதான். பல்லின் வேர் அந்தக் கால்வாயைத் தொடுவதுபோல் படத்தில் தெரியலாம். உண்மையிலேயே தொடுகிறதா, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று விலகி இருக்கிறதா என்று நிழல் சொல்லாது. இரண்டு விரல்களை விளக்கின் முன் முன்னும் பின்னுமாகப் பிடித்தால் சுவரில் ஒன்றாகத் தெரிவதைப் போலத்தான். ஐயம் இருந்தால் மூன்று பரிமாணத்தில் காட்டும் சி.டி. படம் எடுப்பார்கள். இது வீண் செலவு அன்று. ஞானப் பல் அறுவைக்குப் பின் நூற்றுக்குச் சிலருக்கு உதடோ நாக்கோ சில வாரம் மரத்துக் கிடக்கும். நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கு அது நிலைத்துவிடும். எந்தப் பக்கம் எதை இழக்கிறோம் என்று தெரிந்து முடிவு செய்ய வேண்டியது அதனால்தான். மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடிக்கும்போது நீங்களும் எழுந்து போய்ப் பாருங்கள். எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது, பக்கத்துப் பல் நன்றாக இருக்கிறதா, நரம்பு எவ்வளவு தூரத்தில், இப்போது எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

எடுத்தே ஆக வேண்டும் என்றானால், வீட்டில் ஒரு தடை வரும்: "மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும்." நம் ஊரில் படித்தவர்கள்கூட இதை நம்புகிறார்கள். பற்களுக்கு உணர்ச்சி தருவது ஐந்தாம் மண்டை நரம்பு. காட்சியை மூளைக்குக் கொண்டுசெல்வது இரண்டாம் மண்டை நரம்பு. ஐந்தாம் நரம்பின் ஒரு கிளை கண்ணைச் சுற்றியுள்ள தோலுக்குப் போவதால், பல்வலி கண்ணருகே குத்துவதுபோல் தோன்றும். அவ்வளவுதான், பார்வைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. வாயை இரண்டு விரல் அகலத்துக்குமேல் திறக்க முடியாமல் போவது, எச்சில் விழுங்க வலிப்பது, காய்ச்சல், தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் வீக்கம் இறங்குவது. கிருமி கழுத்துத் திசுக்களுக்குள் பரவினால் மூச்சுக் குழல் அடைபடும், உயிருக்கே ஆபத்து. தேர்வாவது ஒன்றாவது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய நான்கு மாத்திரைகளோடு இதைச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

பல் எடுத்தபின் செய்ய வேண்டியதை மருத்துவர் சொல்வார். அதில் ஒன்றை மட்டும் நான் விளக்குகிறேன். எடுத்த குழியில் உறைந்த இரத்தக் கட்டிதான் அங்குள்ள எலும்புக்கும் நரம்புக்கும் மூடி. அது பெயர்ந்துவிட்டால், இரண்டு மூன்று நாள் கழித்துப் பழைய வலியே தேவலை என்று தோன்றும் அளவுக்கு வலிக்கும். ஒன்றை உறிஞ்சும்போது என்ன செய்கிறோம்? வாய்க்குள் காற்றழுத்தத்தைக் குறைக்கிறோம்; குழியிலுள்ள கட்டியும் அந்த இழுப்புக்கு ஆளாகிறது. ஆகவே முதல் நாள் கொப்பளிக்கவும் துப்பவும் வேண்டாம். சில நாளைக்கு இளநீரைக் குழல் போட்டு உறிஞ்சாமல், டம்ளரில் ஊற்றி மெதுவாகக் குடியுங்கள்.